‘குடும்பத் தகராறு’ என்று எழுதி மூடாதீர்கள்

இரவு 11.30 மணி. ரோந்து வண்டியின் வயர்லெஸ் கரகரக்கிறது. பிள்ளையார் கோயில் தெரு, புருஷன் பெண்டாட்டி சண்டை, பக்கத்து வீட்டிலிருந்து தகவல். உதவி ஆய்வாளரும் ஏட்டும் போய் இறங்குகிறார்கள். வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். கணவர் பனியனோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “ஒண்ணுமில்ல சார், நீங்க போங்க” என்கிறார். கணவருக்கு ஓர் அதட்டல், மனைவிக்கு ஒரு புத்திமதி. பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் ஒரே வரி ஏறுகிறது: ‘குடும்பத் தகராறு. இரு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டனர்.’

புதிதாகக் காக்கி உடுத்தியிருக்கும் காவலர்களே, உதவி ஆய்வாளர்களே, இப்படி ஓர் அழைப்பு உங்களுக்கும் சீக்கிரமே வரும். பணிக்காலம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். அந்த ஒரு வரியை எழுதும் பழக்கம் உங்கள் கைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். அகில இந்திய அளவு 29.3. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் 14 விழுக்காட்டினர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் போய் நின்றது பிறந்த வீட்டு வாசலில். அப்படியென்றால் உங்கள் வயர்லெஸ் வரை வந்து சேரும் ஓர் அழைப்புக்குப் பின்னால் எத்தனை இரவுகள் சத்தமில்லாமல் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்று நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தை வைத்துத்தான் அடுத்த முறை அந்தப் பெண் போனை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

அந்த வாசலில் உங்களுக்கு மூன்று வேலைகள். உயிருக்குப் பாதுகாப்பு தருவது, நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது, சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகளை அந்தப் பெண்ணுக்குச் சொல்வது. கணவன் மனைவியைச் சேர்த்து வைப்பது இந்தப் பட்டியலில் இல்லை.

வண்டி நிற்பதற்கு முன்

போகும் வழியிலேயே கட்டுப்பாட்டு அறையிடம் கேளுங்கள். தகவல் சொன்னது யார்? ஆயுதம் ஏதாவது இருக்கிறதா? குடித்திருக்கிறாரா? வீட்டில் குழந்தைகள் உண்டா? இதே முகவரியிலிருந்து முன்பு அழைப்பு வந்திருக்கிறதா? கடைசிக் கேள்வியை நிலைய எழுத்தரிடமும் கேட்டுவிடுங்கள். மூன்று மாதத்தில் நான்காவது அழைப்பு என்றால் நீங்கள் போவது வேறு மாதிரியான வீடு.

பெண் காவலர் வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்றால் அரை மணி நேரம் வீணாகும். சென்னை ஆயிரம் விளக்கில் 1992ஆம் ஆண்டு தொடங்கி, இன்று மாநிலம் முழுவதும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் நள்ளிரவில் முதலில் வாசலுக்குப் போவது பெரும்பாலும் சட்டம் ஒழுங்குப் பிரிவு வண்டிதான். “காலையில மகளிர் ஸ்டேஷனுக்கு வாம்மா” என்று சொல்லிவிட்டு வருவது பதில் ஆகாது. எல்லைத் தகராறும் வேண்டாம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

சைரனைத் தெரு முனையிலேயே நிறுத்திவிடுங்கள். வண்டியை இரண்டு வீடு தள்ளி நிறுத்தி, இறங்கி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே எத்தனை குரல்கள், என்ன பேச்சு, எது உடைகிறது என்பதெல்லாம் நீங்கள் வந்தது தெரிந்ததும் நின்றுவிடும். காதில் விழுந்ததை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீதிமன்றத்தில் நீங்களே சாட்சி.

வாசலில்

கதவுக்கு நேராக நிற்காதீர்கள். பக்கவாட்டில் நின்று தட்டுங்கள். தனியாக உள்ளே போகாதீர்கள். யாருடைய கையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அடுப்படிக்கு யாரையும் விடாதீர்கள். “தண்ணி குடிச்சிட்டு வர்றேன் சார்” என்று எழுந்து போகிறவரின் பின்னால் உங்களில் ஒருவர் போக வேண்டும். அரிவாள்மனையும் குழவிக்கல்லும் அங்கேதான் இருக்கின்றன. மண்ணெண்ணெய் வாடையோ பெட்ரோல் வாடையோ அடித்தால் எல்லோரையும் வெளியே கொண்டுவருவதே முதல் வேலை.

கதவைத் திறக்கும் கணவர் “ஒன்றுமில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பார். அந்தச் சொல்லோடு திரும்பாதீர்கள். மனைவியையும் குழந்தைகளையும் உங்கள் கண்ணால் பார்க்கும் வரை அந்த அழைப்பு முடியவில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடக்காமல் குறுக்கிட்டுத் தடுப்பது காவல் அலுவலரின் கடமை என்று அதே சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு கூறுகிறது. உள்ளே அலறல் கேட்கும்போது வாசலில் நின்று அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தகவல் சொன்னவரைக் காட்டிக்கொடுக்காதீர்கள். “பக்கத்து வீட்டு அக்காதான் போன் பண்ணினாங்க” என்று ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தால், அடுத்த முறை அந்தத் தெருவில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும் கலைத்துவிடுங்கள். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது கணவருக்கு வீராப்பு கூடும், மனைவிக்கு நாக்கு எழாது.

பிரித்து நிறுத்திப் பேசுங்கள்

இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து ‘என்ன நடந்தது’ என்று கேட்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அடித்தவரின் கண் பார்வையில் அடிபட்டவர் உண்மை பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒருவரை முன் அறையில், மற்றவரைப் பின் அறையில் வையுங்கள். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழக் கூடாது. ஆனால் போலீசார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்படி நின்றுகொள்ளுங்கள்.

பெண்ணோடு பெண் காவலர் பேசட்டும். மாமியாரோ நாத்தனாரோ பக்கத்தில் நின்று பதில் எடுத்துக்கொடுக்க விடாதீர்கள். திருப்பூர் போன்ற ஊர்களில் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் அழைப்பு வரும். மனைவிக்குத் தமிழ் தெரியாது, கணவருக்குக் கொஞ்சம் தெரியும் என்றால் கணவரை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். மொழி தெரிந்த வேறு ஒருவரைப் போனிலாவது பிடியுங்கள்.

பேச்சில் மரியாதை இருக்கட்டும். ‘வா, போ’ என்று ஆரம்பித்தால் அந்தப் பெண் உங்களையும் அந்த வீட்டு ஆட்களில் ஒருவராகத்தான் நினைப்பார். “உட்காருங்கம்மா. எங்கயாவது வலிக்குதா?” என்று முதல் கேள்வி இருக்கட்டும். “நீ என்ன பண்ணின, அவர் அடிக்கிற அளவுக்கு?” என்ற கேள்வியை உங்கள் அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். “குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்” என்ற ஆறுதலும் வேண்டாம். கணவரிடமும் ‘டேய்’ வேண்டாம். குடித்திருப்பவரை அவருடைய வீட்டில், அவருடைய பிள்ளைகள் முன்னால் ஒருமையில் திட்டினால் சண்டை உங்கள் பக்கம் திரும்பும். நீங்கள் போன பிறகு அந்த அவமானத்துக்கும் சேர்த்து அடி விழப்போவது மனைவிக்குத்தான்.

“ஒண்ணுமில்ல சார்” என்று அவர் சொன்னால் அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வாடகை, பிறந்த வீட்டில் இடமில்லாமை, இரவு மறுபடி விழப்போகும் அடி. வற்புறுத்த வேண்டாம், நம்பி விட்டுவிடவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரிவதைப் பாருங்கள். உடைந்த வளையல், கிழிந்த ரவிக்கை, கன்றிய கை, கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழந்தை.

உயிராபத்தின் அடையாளங்கள்

எல்லா அடிதடியும் கொலையில் முடிவதில்லை. ஆனால் கொலையில் முடிந்த வீடுகளில் முன்கூட்டியே சில அடையாளங்கள் இருந்திருக்கின்றன. இவற்றைக் கேட்காமல் எந்த வீட்டை விட்டும் வெளியே வராதீர்கள்.

• எப்போதாவது கழுத்தை நெரித்திருக்கிறாரா?
• கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா? தானே செத்துவிடுவேன் என்று மிரட்டுகிறாரா?
• கத்தி, அரிவாள், பெட்ரோல் என்று எதையாவது கையில் எடுத்திருக்கிறாரா?
• அடி முன்னைவிட அடிக்கடி விழுகிறதா, கடுமையாகிறதா?
• நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்களா? கர்ப்பமாக இருந்தபோது அடித்திருக்கிறாரா?
• பிரிந்து போகப் போவதாக அண்மையில் சொன்னீர்களா?
• ஓயாத சந்தேகமா? போனைப் பிடுங்கிப் பார்ப்பது, வேலைக்குப் பின்தொடர்வது உண்டா?

முதல் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கணவரோ துணைவரோ முன்பு கழுத்தை நெரித்திருந்தால், பிற்பாடு அவர் கையாலேயே அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு அதிகம் என்று அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. நெரித்த கழுத்தில் வெளியே தடமே தெரியாமல் போகலாம். குரல் கம்மியிருப்பது, எச்சில் விழுங்க வலிப்பது, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், நடந்தது சரியாக நினைவில்லாமை ஆகியவற்றைக் கவனியுங்கள். இருந்தால் 108ஐ அழையுங்கள். காலையில் போய்க்கொள்ளலாம் என்று விடக் கூடாது. கழுத்தில் உள்ளே வீக்கம் மெல்ல மெல்ல ஏறி மூச்சை அடைக்கலாம்.

பிரிந்து போக முடிவெடுத்த நேரமே மிக ஆபத்தான நேரம் என்பதையும் மறக்காதீர்கள். “அம்மா வீட்டுக்குப் போயிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். அங்கேயும் அவர் தேடி வரலாம் என்பதை முன்பே யோசிக்க வேண்டும்.

இருவர் மேலும் காயமா?

கணவர் முன்கையைக் காட்டுவார். “பாருங்க சார், அவளும்தான் என்னைக் கீறியிருக்கா.” உடனே இருவர் மேலும் வழக்கு, இருவரிடமும் எழுதி வாங்கல் என்று இறங்கிவிடாதீர்கள். கழுத்தை நெரிக்கும் கையை விலக்கப் போராடியவரின் நகம் அந்தக் கையில்தான் பதியும். யார் தாக்கினார், யார் தடுத்தார் என்று காயம் இருக்கும் இடத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். தற்காப்பு உரிமையைச் சட்டம் எல்லோருக்கும் தந்திருக்கிறது. அடிபட்டவர் ஆணாக இருந்தாலும் இதே அக்கறையோடு விசாரியுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் நிவாரணம் பெண்களுக்குத்தான். ஆனால் காயப்படுத்துவது குற்றம் என்பது யார் யாரைக் காயப்படுத்தினாலும் பொருந்தும்.

அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொல்லியே ஆக வேண்டியவை

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 5ஆம் பிரிவை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பவ இடத்துக்குப் போன காவல் அலுவலர் பாதிக்கப்பட்டவரிடம் சில விவரங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அது. செய்தால் நல்லது என்ற வகை அல்ல, கட்டளை. சொல்ல வேண்டியவை இவை:

• மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்து பாதுகாப்பு ஆணை, வீட்டில் வசிக்கும் உரிமைக்கான ஆணை, ஜீவனப் பணம், குழந்தைகளின் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றைக் கேட்கலாம்.
• உதவிக்குப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் அவரைப் பார்க்கலாம். நடந்ததைக் குடும்ப வன்முறை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை.
• தங்க இடம், மருத்துவம், ஆலோசனை தரும் சேவை அமைப்புகள் உண்டு.
• வழக்கறிஞர் வைக்கப் பணம் வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும்.
• கொடுமைப்படுத்தியதற்காகக் குற்றப் புகாரும் கொடுக்கலாம். ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்யக் கூடாது என்பதில்லை.

இதைச் சட்ட மொழியில் ஒப்பிக்காதீர்கள். “இந்த வீட்டை விட்டு உங்களை யாரும் துரத்த முடியாதும்மா. வீடு மாமனார் பேர்ல இருந்தாலும் நீங்க கோர்ட்ல கேக்கலாம்” என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும். மாமனார் பெயரில் உள்ள வீடும் ‘பகிர்ந்து வாழும் இல்லம்’ ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் சொல்லியிருக்கிறது. வன்முறை என்றால் அடி மட்டும்தான் என்று நீங்களும் நினைக்காதீர்கள். பாலியல் கொடுமை, வசவு, அவமதிப்பு, சம்பளத்தைப் பிடுங்குவது, செலவுக்குக் கொடுக்காமல் பட்டினி போடுவது எல்லாமே சட்டத்தின் வரையறைக்குள் வரும். தாய், சகோதரி, திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண் ஆகியோரும் பாதுகாப்புக்குள் வருகிறார்கள்.

ஒரு துண்டுச் சீட்டில் 181 என்று எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2018 முதல் இயங்கும் மகளிர் உதவி எண் அது. மாவட்டத்தில் உள்ள ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தின் முகவரியையும் எழுதுங்கள். கணவர் கண்ணில் பட்டால் ஆபத்து என்றால், சீட்டு வேண்டாம், மூன்று இலக்கங்களை மனதில் பதிய வைத்துவிடுங்கள்.

வெளியேற அவரே விரும்பினால் கூட நின்று பொருட்களை எடுக்க உதவுங்கள். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், தினமும் சாப்பிடும் மாத்திரை, அவருடைய நகை. இவற்றை எடுக்க மறுநாள் அவர் தனியாக வர நேரக் கூடாது.

வழக்குப் பதிவு வேறு, கைது வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. சிலர், கைது செய்ய உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு வைத்துவிட்டது என்று காரணம் சொல்லி வழக்கையே பதிவதில்லை. வேறு சிலர், வழக்குப் பதிந்தவுடன் குடும்பத்தையே வண்டியில் ஏற்றுகிறார்கள். இரண்டுமே பிழை.

மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிராக முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. எது கொடுமை என்பதை 86ஆம் பிரிவு விளக்குகிறது. தண்டனை 3 ஆண்டு வரை. பாதிக்கப்பட்டவரோ அவருடைய உறவினரோ புகார் தந்தால் இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம். ஆயுதத்தால் காயப்படுத்தியிருந்தால் 118ஆம் பிரிவையும், கொலை முயற்சி தெரிந்தால் 109ஆம் பிரிவையும் பாருங்கள்.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் வெளிப்பட்டால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013இல் தீர்ப்பளித்தது. குடும்பப் பிரச்சினைகளில் முதல்கட்ட விசாரணைக்கு இடம் தந்தாலும், அதைக் காலவரையின்றி இழுக்க விடவில்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவும் 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு, 14 நாளுக்குள் முடிக்க வேண்டிய முதல்கட்ட விசாரணையைத்தான் அனுமதிக்கிறது. சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து மாதக்கணக்கில் நடக்க விடுவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். அதை அவர் கேட்டு நிற்க வேண்டாம், நீங்களே கொடுங்கள்.

கைது அடுத்த கேள்வி. அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் யோசிக்காமல் கைது செய்யாதீர்கள், காரணத்தை எழுதுங்கள் என்பதுதான். கைது செய்தாலும் காரணம், செய்யாவிட்டாலும் காரணம். கைது தேவையில்லை என்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்கீழ் நேரில் வரச் சொல்லி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதே 35ஆம் பிரிவு, மேலும் குற்றம் செய்யாமல் தடுப்பதற்காகவும் சாட்சியை மிரட்டாமல் தடுப்பதற்காகவும் கைது செய்யலாம் என்கிறது. மேலே கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்களை எழுதி வைத்திருந்தீர்கள் என்றால், கைதுக்கான காரணம் உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கும்.

மாமியார், நாத்தனார் பெயர் புகாரில் இருந்தால் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று தனித்தனியே கேட்டு எழுதுங்கள். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு, உதயத்துக்கு முன் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான நிலையில் பெண் அலுவலர் மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதி பெற வேண்டும்.

ஏற்கெனவே நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த ஆணையை மீறுவது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, பிணையில் விட முடியாத குற்றம். ஓராண்டுச் சிறையும் 20,000 ரூபாய் அபராதமும் வரை போகலாம். ஆணையின் நகல் உங்கள் நிலையத்துக்கும் வந்திருக்கும். அதைத் தேடி எடுக்க வேண்டியது நீங்கள்.

காயம் ஆறும் முன் ஆதாரம்

கன்றிய காயம் நான்கு நாளில் நிறம் மாறும், பத்து நாளில் மறையும். வழக்கு நீதிமன்றத்துக்கு வர ஆண்டுகள் ஆகும். எனவே அன்றைக்கே மெமோவோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ‘தெரிந்த நபர் கையால், இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு’ என்று விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். கீழே விழுந்ததாகப் பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. உடைந்த பொருள், கிழிந்த துணி, அறையின் நிலை ஆகியவற்றைப் படம் எடுங்கள். மிரட்டிய குரல் பதிவுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். ‘வாய்த் தகராறு முற்றி’ என்று தொடங்கும் நிலையத்து நடையில் அவருடைய குரல் காணாமல் போய்விடும்.

தீக்காயத்தோடு ஒரு பெண் மருத்துவமனையில் கிடந்தால் இன்னும் கவனம் வேண்டும். ‘ஸ்டவ் வெடித்துவிட்டது’ என்ற வாக்கியத்தைக் கட்டிலைச் சுற்றி நிற்கும் கணவர் வீட்டார் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுங்கள். மரண வாக்குமூலத்துக்கு மாஜிஸ்திரேட்டை உடனே வரவழையுங்கள். அதுவரை உயிர் தாங்காது என்று மருத்துவர் சொன்னால் நீங்களே பதிவு செய்யலாம். மணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். அப்போது உங்கள் பழைய நாட்குறிப்பும் மேசைக்கு வரும். ‘இரு தரப்பும் சமாதானம்’ என்ற அந்த ஒரு வரிக்கு அன்று நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

குழந்தையும் முதியவரும்

குழந்தைகளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள், ஆனால் பார்க்காமல் வராதீர்கள். காயம் இருந்தால், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் 1098. மனைவிக்கே 18 வயது ஆகவில்லை என்று தெரிந்தால் அது குழந்தைத் திருமணம், போக்சோ சட்டம் வரை போகும். வயதைக் கேட்க மறக்காதீர்கள். குடித்துவிட்டுப் பெற்றோரை அடிக்கும் மகன்களைப் பற்றியும் அழைப்பு வரும். அவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் 14567 என்ற எண்ணும் உண்டு என்று சொல்லுங்கள்.

நிலையத்தில் பஞ்சாயத்து வேண்டாம்

மறுநாள் இரு வீட்டுப் பெரியவர்களும் நிலையத்துக்கு வருவார்கள். வட்டச் செயலாளர் போன் செய்வார். ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்கி, மனைவியைக் கணவரோடு அனுப்பிவைக்க எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தாளுக்குச் சட்ட மதிப்பு ஏதுமில்லை. கட்டப் பஞ்சாயத்தைத் தடுக்க வேண்டிய இடமே அதை நடத்தக் கூடாது. ஆலோசனை வேண்டுமென்றால் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் சேவை மையங்களில் இருக்கிறார்கள். அங்கே போவதும் போகாததும் அந்தப் பெண்ணின் விருப்பமாக இருக்க வேண்டும்.

கதவைத் திறப்பவர் நம் துறைக்காரராகவே இருந்தால்? உங்கள் நேர்மைக்கு அதைவிடப் பெரிய பரீட்சை இல்லை. சீருடை அணிந்தவரின் மனைவிக்குப் புகார் சொல்லப் போக வேறு இடமில்லை. அதே நடைமுறையை ஒரு படி கூடுதலாகவே பின்பற்றுங்கள். மேலதிகாரிக்கு உடனே தகவல் சொல்லி, வேறு நிலைய அலுவலர் விசாரிக்கும்படி கேளுங்கள்.

பணி முடிந்து போகும் முன்

நாட்குறிப்பில் எழுதுங்கள். வந்த நேரம், கேட்ட சத்தம், பார்த்த காயம், இருந்தவர்கள், அவர் சொன்னது, நீங்கள் கேட்ட கேள்விகள், வந்த பதில், 5ஆம் பிரிவின்கீழ் சொன்ன விவரங்கள், கொடுத்த எண்கள். புகார் தர மறுத்தார் என்றாலும் எழுதுங்கள், ஏன் என்று அவர் சொன்னதையும் சேர்த்து. இதற்குப் பத்து நிமிடம் போதும். அடுத்த அழைப்பில் அந்தக் கதவைத் தட்டப்போகிறவருக்கு, யார் வீட்டுக்குப் போகிறோம் என்று அந்தப் பக்கம்தான் சொல்லும்.

இரண்டு நாள் கழித்து, கணவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், பெண் காவலர் ஒருவர் அந்தத் தெருவில் ஒரு நடை போய் வரட்டும். காலையில் பணி மாறும்போது அடுத்து வரும் அலுவலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: “பிள்ளையார் கோயில் தெரு, எதிர் வீடு. அங்கேயிருந்து போன் வந்தா உடனே வண்டியை அனுப்புங்க. அந்தம்மா கழுத்துல கை வச்சிருக்கான்.”